பழைய அயர்ன் பாக்ஸுக்குப் பதில் எது? ஒட்டுத்துணி தைப்பவரின் பார்வையில்

வெட்டி வைத்த வெள்ளைத் துணித் துண்டின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அதோடு என் பழைய ஸ்டீம் அயர்னை ஓரம் கட்டிவிட்டேன். தண்ணீரில் இருந்த உப்பு உள்ளே படிந்து படிந்து கடைசியில் துணியில் கறையாக இறங்கியிருக்கிறது. போதாததற்கு, கைப்பிடிப் பக்கம் வயரின் உறையும் வெடித்திருந்தது. அந்த நிலையில் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. சரி, அடுத்து எதை வாங்குவது?

துணித் துண்டுகளைச் சேர்த்து க்வில்ட் என்ற ஒட்டுப் போர்வை தைப்பவரின் தேவை வேறு, சட்டை தேய்ப்பவரின் தேவை வேறு. சட்டையை இழுத்துத் தேய்க்கலாம். நமக்கு அப்படியில்லை, வைத்து, அழுத்தி, தூக்கி எடுக்க வேண்டும். மூன்றரை அங்குலச் சதுரம் 12 எடுத்து, கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைத்துச் சேர்த்தால் வரிசை முப்பத்தாறரை அங்குலம் வர வேண்டும். நடுவில் 11 தையல்கள். ஒவ்வொன்றின் மடிப்பிலும் ஒரு மில்லிமீட்டர் விரியாமல் ஒளிந்துகொண்டால் 11 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட அரை அங்குலம் குறைந்துவிடும். அப்புறம் பக்கத்து வரிசையின் மூலைகளோடு எப்படிச் சேரும்? அந்த மடிப்பை முழுசாகத் திறந்து படியவைக்க வேண்டும், அதற்குத்தான் அயர்ன்.

இதற்கு ஆவி வராத ட்ரை அயர்ன்தான் என் முதல் தேர்வு, அதுவும் கனமானதாக. நம் கையின் பலம் பாதி போதும், மீதியை அதன் எடையே பார்த்துக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டி இல்லாததால் ஒழுக எதுவும் இல்லை. அடித்தட்டில் துளை கிடையாது என்பது இன்னொரு பெரிய வசதி. ஃபியூசிங் (சூடு பட்டால் ஒட்டிக்கொள்ளும் பசைத்துணி) ஒட்டும்போது ஸ்டீம் அயர்னின் துளைகள் வரும் இடத்தில் சூடு சரியாகப் படாமல் புள்ளி புள்ளியாக விட்டுப்போகும். ட்ரை அயர்னில் அந்தத் தொல்லை இல்லை.

ஸ்டீம் அயர்ன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மடித்து வைத்திருந்த பருத்தித் துணியின் முரட்டுச் சுருக்கத்தை எடுக்க ஆவியைப் போல வேறொன்றில்லை. ஆனால் குறுக்காக வெட்டிய முக்கோணத்தின் நீள விளிம்பில் ஆவி பட்டு, கையும் சற்று இழுத்துவிட்டால் அந்த விளிம்பு அலை அலையாக நெளிந்துவிடும். சதுரமாக வர வேண்டிய கட்டம் சாய்ந்து நிற்கும். ஸ்டீம் அயர்ன்தான் வேண்டும் என்பவர்கள், ஆவியை முழுக்க நிறுத்தும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

தானாக அணைந்துவிடும் ஆட்டோ கட்-ஆஃப் விஷயத்தில் எனக்கே இரண்டு மனசு. பல மாடல்கள் படுத்த நிலையில் 30 வினாடியிலும், நிமிர்த்தி வைத்தால் 8 நிமிடத்திலும் அணைந்துவிடும். நாமோ பத்து நிமிடம் தைத்துவிட்டு இரண்டு நிமிடம் அழுத்துகிறவர்கள். ஒவ்வொரு முறையும் ஆறிப்போன அயர்ன்தான் காத்திருக்கும். ஆனாலும் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கட்-ஆஃப் உள்ளதையே வாங்குங்கள். ஒலிசோ என்ற பிராண்டின் அயர்னில் கையை எடுத்ததும் அடியிலிருந்து சின்னக் கால்கள் நீண்டு அதைத் துணியிலிருந்து தூக்கிவிடும். அடிக்கடி நிமிர்த்தி வைத்து மணிக்கட்டு வலிப்பவர்களுக்கு அது நல்ல வசதி.

வயர் இல்லாத அயர்னில், அடுக்கி வைத்த துண்டுகளை வயர் இழுத்துக் கலைக்காது. ஆனால் ஸ்டாண்டில் இருக்கும்போது மட்டும்தான் சூடேறும். நீள வரிசையின் பாதியிலேயே சூடு தணிய ஆரம்பிக்கும். தனித் தொட்டியோடு வரும் ஸ்டீம் ஸ்டேஷன் பெரிய துணிகளுக்கு அருமை, துண்டு வேலைக்குத் தேவையில்லை.

நான் எடுத்தது கூர்முனை உள்ள ஒரு கனமான ட்ரை அயர்ன். முனை கூராக இருந்தால்தான் தையல் மடிப்புக்குள் நுழையும். ஈரம் தேவைப்பட்டால் ஸ்ப்ரே பாட்டிலில் இரண்டு தூவல், அதன் மேல் அயர்னை வைத்துப் பத்து வரை எண்ணுகிறேன். தூக்கிப் பார்த்தால் தையல் கோடு தாளில் மடித்தது போலப் படிந்திருக்கிறது.