பிரான்சில் ‘ஹோஸ்ட்’ பிடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

புதுச்சேரியில் ஒருவர், “பிரான்சில் இலவசமாகத் தங்க உங்களுக்கு ஹோஸ்ட் குடும்பம் பிடித்துத் தருகிறேன், விசாவுக்கான அழைப்புக் கடிதமும் வாங்கித் தருகிறேன்” என்று ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். என் தங்கையிடமும் என்னிடமும் அவர் வாங்கியது 36,000 ரூபாய். கொடுத்தது போலிக் காகிதம். அதனால் எங்கள் இருவருக்கும் விசா மறுக்கப்பட்டது. போன மாதம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்லூரி மாணவி அதே அச்சில் வார்த்த ஒரு கடிதத்தைப் போனில் காட்டி, “அக்கா, இது சரியா இருக்கான்னு பாருங்க” என்றாள். இன்னும் எத்தனை பேர் கையில் இது இருக்கிறதோ தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஊர் சுற்ற வருகிறவரைத் தன் வீட்டில் பணம் வாங்காமல் தங்கவைப்பது, பிறகு எங்காவது போகும்போது வேறொருவர் வீட்டில் தங்குவது என்ற பழக்கம் உலகம் முழுக்க அமைப்பாகவே நடக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, மக்கள் ஒருவரை ஒருவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் போர்வெறி குறையும் என்ற எண்ணத்தில் 1949இல் தொடங்கியது செர்வாஸ். இணையம் வந்தபிறகு கவுச்சர்ஃபிங் என்ற தளம் பெரிதாக வளர்ந்தது. தன்னார்வலர்கள் நடத்தும் பிவெல்கம், டிரஸ்ட்ரூட்ஸ் போன்றவையும் இருக்கின்றன. சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு வார்ம்ஷவர்ஸ் தனியாக இருக்கிறது. சில அமைப்புகள் உறுப்பினர் கட்டணம் வாங்கும், சில வாங்காது. ஆனால் அந்தக் கட்டணம் அமைப்புக்குப் போவது. தங்கவைக்கிறவருக்கும் தங்குகிறவருக்கும் நடுவில் பணம் கிடையாது. இடையில் ஒரு தரகர் என்ற ஆளே கிடையாது.

எங்களுக்கு இந்தப் பழக்கம் பல வருடமாக உண்டு. தங்கை வீடு லாஸ்பேட்டையில். மாடி அறை காலியாக இருக்கும். ஆரோவில் பார்க்க வருகிறவர்கள், ஃபிரெஞ்சு படிக்கிறவர்கள், சும்மா கடலைப் பார்க்க வருகிறவர்கள் என்று பலர் அங்கே தங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வெளிநாட்டவர் வந்து தங்கும் தகவலை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்வாள். (வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைக்கிற எல்லோரும் இதைச் செய்தாக வேண்டும். நம் ஊரில் பலர் செய்வதில்லை, பிறகு சிக்கிக்கொள்கிறார்கள்.) வந்தவர்கள் யாரும் எங்களை ஏமாற்றியதில்லை. மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கும் அழைத்து வருவாள். சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போவோம், மீன் குழம்பு வைப்போம், ராத்திரி வரை பேசிக்கொண்டிருப்போம். இந்த உலகத்து மனிதர்கள் மேல் எங்களுக்கு இருந்த அந்த நம்பிக்கையைத்தான் அந்த ஆள் காசாக்கினார்.

அவரைச் சந்தித்தது பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் நடந்த ஒரு சந்திப்பில். பயணிகளும் உள்ளூர் ஹோஸ்ட்களும் சேர்ந்து பேசும் சின்னக் கூட்டம் அது. 2020 மே மாதம் கவுச்சர்ஃபிங் கட்டணத் தளமாக மாறியபிறகு பழைய உறுப்பினர்கள் பலர் விலகி, வாட்ஸ்அப் குழு, ஃபேஸ்புக் குழு என்று சிதறிப்போனார்கள். யார் பழைய ஆள், யார் இடையில் புகுந்தவர் என்று பார்க்கப் பொதுவான இடம் இல்லாமல் போயிற்று. இந்த மாதிரி ஆட்களுக்கு அது வசதி. அவர் தன்னை ஒரு பெரிய தளத்தின் அம்பாசடர் என்று அறிமுகம் செய்துகொண்டார். எந்தத் தளம் என்று நான் இங்கே எழுதவில்லை. அந்தத் தளத்துக்கும் இவர் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை.

நல்ல ஃபிரெஞ்சு பேசினார். புரொஃபைலில் வரிசையாகப் பாராட்டுகள். நாங்கள் பிரான்ஸ் போக நினைப்பது தெரிந்ததும், “சிஸ்டர், லியோன்ல எனக்கு வேண்டிய ஃபேமிலி இருக்கு. ரெண்டு வாரமும் அவங்க வீட்டுலயே இருந்துக்கலாம். விசாவுக்கு மேரி லெட்டரும் அவங்களே கொடுப்பாங்க” என்றார். (மேரி என்றால் பிரான்சில் நகராட்சி அலுவலகம்.) ஆளுக்கு 18,000 ரூபாய். ஹோஸ்ட் குடும்பம் மேரியில் கட்டும் கட்டணம், காப்புத் தொகை, குழுவுக்கான பங்களிப்பு என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னார். காப்புத் தொகை ஊர் திரும்பியதும் கிடைத்துவிடும் என்றார். ஹோஸ்டோடு நேரில் பேச வேண்டும் என்று தங்கை கேட்டாள். அவர் ஒரு வாட்ஸ்அப் எண் கொடுத்தார். அதிலிருந்து அன்பான ஃபிரெஞ்சில் பதில் வந்தது, ஒரு குடும்பப் படமும் வந்தது. வீடியோ அழைப்புக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். ஜிபேயில் பணம் போன சில நாட்களில் கடிதம் பிடிஎஃப்பாக வந்துவிட்டது. பெயர், முகவரி, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன.

விண்ணப்பித்தோம். மறுப்பு வந்தது. பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது ஷெங்கன் விசா. அதன் மறுப்பு ஒரு அச்சடித்த படிவம். காரணங்கள் வரிசையாக இருக்கும், பொருந்துவதில் குறி போட்டிருப்பார்கள். எங்களுடையதில், தங்கும் நோக்கம் குறித்தும் ஏற்பாடு குறித்தும் நாங்கள் கொடுத்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை என்ற இடத்தில் குறி இருந்தது. விசா கட்டணம் 2024 ஜூனிலிருந்து ஆளுக்கு 90 யூரோ. அதோடு சேவைக் கட்டணம், பயணக் காப்பீடு. கட்டணம் எதுவும் திரும்ப வராது. பணத்தைக்கூட விடுங்கள். ஷெங்கன் நாடுகளின் பொதுவான விசாத் தொகுப்பில் இந்த மறுப்பு 5 ஆண்டுகள் இருக்கும். ஜெர்மனிக்குப் போட்டாலும் இத்தாலிக்குப் போட்டாலும் அதிகாரி அதைப் பார்ப்பார். போலிக் கடிதத்தைத் தயாரித்தவர் பெயர் எங்கேயும் இல்லை. அதைக் கொடுத்தவர்கள் என்று எங்கள் பெயர்தான் இருக்கிறது.

தங்கை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். ஃபிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், புதுச்சேரியில் சொல்தா என்று சொல்கிறோமே, அவர்களில் ஒருவர். பிள்ளைகள் பிரான்சில். அவரிடம் கடிதத்தைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “ஏம்மா, இதுக்கு ஒரிஜினல் எங்கே?” என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதுதான் இந்தப் பதிவிலேயே உங்களுக்கு அதிகம் பயன்படும்.

அந்தக் கடிதத்தின் பெயர் அத்தெஸ்தாசியோன் தகெய். பிரான்சில் சொந்தக்காரர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ 3 மாதத்துக்குள் தங்கப் போகிறவர்களுக்கானது. தங்கவைக்கிறவர் தன் ஊர் மேரிக்கு நேரில் போய் விண்ணப்பிக்க வேண்டும். (2014 மழையில் இடிந்து விழுந்து, மறுபடி கட்டி, இப்போது நம் கடற்கரைச் சாலையில் நிற்கிற அந்தக் கட்டடத்தையும் மேரி என்கிறோமே, அதே சொல்தான்.) தன் அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வருமானச் சான்று எல்லாம் காட்ட வேண்டும். வீட்டில் இத்தனை பேர் தங்க இடம் இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். வந்தவரால் செலவைச் சமாளிக்க முடியாவிட்டால் நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு 30 யூரோ வருவாய் முத்திரை, மறுத்துவிட்டாலும் அந்தப் பணம் போனதுதான். கிடைத்தபிறகு அந்த அசல் தாளைத் தபாலில் இங்கே அனுப்பவேண்டும், ஏனென்றால் பாரிஸில் இறங்கும்போது எல்லைக் காவலரிடம் காட்ட வேண்டியது அசல். “வாட்ஸ்அப்ல வர்றதுக்கு இது என்ன கல்யாணப் பத்திரிகையா?” என்று கேட்டார் பெரியவர்.

இதைக் கேட்டபிறகு யோசித்துப் பாருங்கள். முகமே பார்க்காத ஒருவருக்காக, ஒரு குடும்பம் மேரிக்குப் போய், சம்பளச் சீட்டைக் காட்டி, செலவுக்குப் பொறுப்பேற்று, 30 யூரோ கட்டுமா? நெருங்கிய உறவுக்கே தயங்குவார்கள். அதனால், விருந்தோம்பல் தளத்தில் கிடைத்த ஹோஸ்ட் விசாக் கடிதமும் கொடுப்பார் என்று எவர் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

பணம் வாங்கிய ஆளை அழைத்தோம். முதலில் தூதரகத்தின் மேல் பழி போட்டார். அப்புறம் லியோன் குடும்பம் ஏமாற்றிவிட்டது என்றார். அப்புறம் எண்ணையே மாற்றிவிட்டார். இணையக் குற்றங்களுக்கான அரசுத் தளத்தில் புகார் பதிந்தோம். பணம் இன்னும் வரவில்லை.

அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்தோம். எல்லா இரவுகளுக்கும் உண்மையான விடுதி முன்பதிவு, முன்பு நடந்ததைச் சொல்லும் கடிதம், புகார் ரசீது எல்லாம் வைத்தோம். விசா கிடைத்தது. போவதற்கு முன், அந்தப் போலிக் கடிதத்தில் இருந்த பெயரைத் தளத்தில் தேடி, அவருக்கு நேரடியாக எழுதினேன். அப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. ஒரு காலத்தில் புதுச்சேரிக்கு வந்திருக்கிறார், இந்த ஆளோடு காபி குடித்திருக்கிறார், எடுத்த படங்களை அனுப்பி வைக்கிறேன் என்று இந்த ஆள் கேட்டதற்கு வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான். எங்களுக்கு வந்த குடும்பப் படம் அவருடைய புரொஃபைலில் இருந்து எடுத்தது.

லியோனில் ரோன் ஆற்றங்கரையில் மாலை நேரச் சந்திப்புக்கு அவரே மனைவியோடு வந்தார். ஒரு நர்ஸ், இரண்டு மாணவர்கள், மொராக்கோவில் இருந்து வந்த ஒரு பெண், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் என்று கலவையான கூட்டம். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நடுவில் வைத்து, எங்கள் முறுக்கையும் சேர்த்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டோம். யாரும் யாரிடமும் ஒரு காசு கேட்கவில்லை. மறுநாள் அந்த ரயில்வேக்காரர் க்ருவா ரூஸ் மேட்டில் பட்டு நெசவாளர்கள் இருந்த உயரமான வீடுகளையும், கட்டடங்களுக்கு ஊடே போகும் த்ரபூல் சந்துகளையும் நடத்தியே காட்டினார். இரவுக்கு விடுதி இருந்ததால் எங்களுக்கு யார் தயவும் தேவைப்படவில்லை, ஆனால் ஊர் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு இதையே சொல்வேன்: கூட்டமாகப் பொது இடத்தில் சந்தியுங்கள், பிடித்தவர்களோடு பழகுங்கள், வீட்டில் தங்குவது அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும்.

அந்தக் கணவன் மனைவி எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அவர்கள் எதற்குக் கேட்க வேண்டும்? எங்களைப் போலவே ஏமாந்த வேறு சிலர், இவர்தான் பணத்தைத் தின்றவர் என்று நினைத்து அந்தக் கணவருக்குத் திட்டி எழுதியிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, தன் பெயரையே தளத்தில் இருந்து எடுக்கப் போவதாகச் சொன்னார். பல வருடமாக ஊர் பேர் தெரியாதவர்களுக்குக் கதவைத் திறந்த வீடு அது. புதுச்சேரியில் ஒருவர் செய்த வேலையால் அது மூடிக்கொண்டது. எனக்கு 18,000 ரூபாயைவிட இது அதிகமாக வலிக்கிறது. நம் ஊர்ப் பெயரைக் கேட்டால் அவர்களுக்கு இனி என்ன நினைவு வரும்?

திரும்பி வந்தபிறகு அந்த ஆளின் பாராட்டுகளை மெதுவாக உட்கார்ந்து படித்தேன். ஒருவர் வீட்டில் தங்கியவர் எழுதுவது வேறு, சும்மா தெரிந்தவர் என்று எழுதுவது வேறு. பல தளங்கள் இவற்றைத் தனித்தனியாகக் காட்டும். இவருக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை தெரிந்தவர்கள் எழுதியவை. எழுதியவர்களின் புரொஃபைலுக்குள் போனால் படம் இல்லை, பயணம் இல்லை, வேறு யாருக்கும் ஒரு வரி எழுதியதில்லை. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். எழுதியவர் யார் என்று பாருங்கள். நெடுநாள் ஹோஸ்ட் என்றால் அவர் வீட்டுச் சமையல், மாடிப்படி, நாய் என்று ஏதாவது ஒன்று அந்த வரிகளில் இருக்கும். அப்புறம், தளத்துக்குள் பேசிக்கொண்டிருந்தவர் உடனே வாட்ஸ்அப்புக்கு வா என்று அவசரப்படுத்தினாலும் யோசியுங்கள். தளத்துக்குள் இருக்கும் பேச்சைத்தான் நிர்வாகிகளால் பார்க்க முடியும்.

அந்தத் திருப்பாதிரிப்புலியூர் பெண் நல்லவேளையாக இன்னும் விண்ணப்பிக்கவில்லை. உங்கள் கையிலும் இப்படி ஒரு கடிதம் இருந்தால் எக்காரணம் கொண்டும் அதைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற உடனே எழுதிக் கேளுங்கள். பணம் அனுப்பியிருந்தால் இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930க்கு அன்றைக்கே அழையுங்கள், நாள் ஆக ஆகப் பணத்தை வங்கியில் தடுத்து நிறுத்துவது கடினம். அவரோடு பேசிய எதையும் அழிக்காதீர்கள், பரிவர்த்தனை எண்ணோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கடிதத்தில் இருக்கும் பெயர்க்காரரைத் தளத்தில் தேடிக் கண்டுபிடித்தால் திட்டாமல் தகவல் மட்டும் சொல்லுங்கள், அவரும் உங்களைப் போல ஏமாற்றப்பட்டவராக இருக்கக்கூடும். புகார் கொடுத்தவர்கள் எனக்குத் தனியாக எழுதினால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வழக்காக எடுக்கச் சொல்லிக் கேட்க ஒரு வழக்கறிஞரிடம் பேசியிருக்கிறோம்.