புரிக்குழல் ரைஃபிளா, புரியில்லாத் துப்பாக்கியா? கென்டக்கிக் காட்டு வேட்டைக்காரர்களின் தேர்வு

1760களில் வட அமெரிக்காவின் வர்ஜீனியா, வட கரோலினா குடியேற்றங்களிலிருந்து அப்பலாச்சியன் மலைகளைக் கடந்து கென்டக்கி, டென்னசி காடுகளுக்குள் மான் தோலுக்காகச் சென்றவர்கள், மாதக்கணக்கில் வீடு திரும்பாததால் ‘நெடுவேட்டைக்காரர்கள்’ என்று பெயர் பெற்றார்கள். செரோக்கி, ஷானி பழங்குடி மக்கள் வேட்டையாடி வந்த நிலம் அது. மலைக்கு மேற்கே வெள்ளையர் குடியேறக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசர் 1763இலேயே ஆணையிட்டிருந்தார். அனுமதியின்றி அங்கே நுழைந்தவனுக்குத் தோளில் எந்தத் துப்பாக்கி தொங்குகிறது என்பது உயிரையே தீர்மானிக்கும் கேள்வி.

பிரிட்டிஷ் படையின் ‘பிரவுன் பெஸ்’ மஸ்கெட்டின் குழல் உள்ளே புரி வெட்டப்படாதது, முக்கால் அங்குல வாய் கொண்டது. பயிற்சி பெற்ற சிப்பாய் அதை நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். முனையில் பயோனெட் என்ற குத்துக்கத்தியும் பூட்டலாம். ஆனால், குழலுக்குள் குண்டு தளர்வாக உருண்டு வெளியேறுவதால், நூறு கஜத்துக்கு அப்பால் ஒற்றை மானைக் குறிவைப்பது வீண். அது அணிவகுத்து நின்று சுடுவதற்கான கருவி.

பென்சில்வேனியாவின் லாங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள், தங்கள் நாட்டின் குட்டையான வேட்டை ரைஃபிளின் குழலை மூன்றரை அடிக்கும் மேலாக நீட்டி, வாயைக் குறுக்கினார்கள். உள்ளே வெட்டிய புரிகள் குண்டைச் சுழற்றி அனுப்புவதால், தேர்ந்த கைக்கு இருநூறு கஜமும் எட்டும். என் பார்வையில் அதைவிடப் பெரிய நன்மை ஈயச் சிக்கனம். ஒரு பவுண்டு ஈயத்தில் பிரவுன் பெஸ்ஸுக்குப் பதினான்கு குண்டுகள்தான் வார்க்க முடியும், 0.45 அங்குல ரைஃபிளுக்கோ ஐம்பதுக்கு மேல் கிடைக்கும். கடையே இல்லாத காட்டில் இந்தக் கணக்குதான் ஒருவன் எத்தனை மாதம் தங்குவான் என்பதை முடிவு செய்தது.

இதற்கு விலை நேரம். கொம்புக் குடுவையிலிருந்து வெடிமருந்தை அளந்து குழலில் கொட்டி, கொழுப்பு தடவிய துணித்துண்டைக் குழலின் வாயில் விரித்து, அதன்மேல் குண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, ஹிக்கரி மரக் கோலால் அடிவரை கெட்டிக்க வேண்டும். பிறகு குழலின் பக்கத்திலுள்ள கிண்ணியில் பற்றவைப்பு மருந்து இட்டு, சக்கிமுக்கிக் கல் பிடித்த சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சில வெடிகளுக்குப் பின் கரி படிந்து கோல் இறங்கவே மறுக்கும். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் குண்டு வார்க்கத் தனி அச்சு என்பதால், அச்சு தொலைந்தால் கையில் ஈயமிருந்தும் பயனில்லை.

இரண்டுக்கும் இடையில், பழங்குடியினருக்கு விற்கப்பட்ட எடை குறைந்த வணிகத் துப்பாக்கி இருந்தது. புரியில்லாத அதன் குழலில் ரவை எனப்படும் பொடிக் குண்டுகளைப் போட்டு வான்கோழியைச் சுடலாம். ஒற்றைக் குண்டைப் போட்டு அருகில் நிற்கும் மானையும் வீழ்த்தலாம். புரிக்குழலில் ரவை சிதறிப்போகும். ஆகவே தோல் வணிகத்துக்கு ரைஃபிள், அன்றாடச் சோற்றுக்கு வணிகத் துப்பாக்கி என்பதே என் முடிவு.

1769 டிசம்பரில் டேனியல் பூன் என்ற நெடுவேட்டைக்காரரையும் அவருடைய கூட்டாளியையும் பிடித்த ஷானி வேட்டைக்காரர்கள், அவர்கள் சேர்த்த தோல்களையும் துப்பாக்கிகளையும் பறித்துக்கொண்டு, ஊர் திரும்பும் வழியில் பசியாற ஆளுக்கொரு சிறிய வணிகத் துப்பாக்கியும் கொஞ்சம் மருந்தும் ரவையும் கொடுத்து அனுப்பினார்கள்.