சிதறால் மலைக்கு ஒரு வழிகாட்டி

மார்த்தாண்டத்திலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்குப் போன ஞாயிறு காலை போனோம். வழிகாட்டித் தம்பி கேட்டது 600 ரூபாய். பாறை மேலே சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்களை ஒவ்வொன்றாக நின்று காட்டினார். 9ஆம் நூற்றாண்டில் சமணத் துறவிகளின் பள்ளி, பிற்பாடுதான் பகவதி கோயில் என்று இரண்டையும் தெளிவாகச் சொன்னார். இன்று அங்கே கும்பிட வருபவர்கள் மனமும் நோகவில்லை. இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

காரணம் உண்டு. மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். அங்கே கோசெக் என்ற ஊரில், கற்கால மக்கள் பள்ளமும் மரவேலியுமாக வட்டமாக அமைத்த மண்வட்டத்தைப் பார்த்தேன். ஏறக்குறைய 75 மீட்டர் அகலம். தென்கிழக்கு, தென்மேற்கு வாசல்கள் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலில் சூரியன் உதிக்கும், மறையும் திசைகளை நோக்கியவை. 1991இல் விமானத்திலிருந்து எடுத்த படத்தில்தான் தெரிந்ததாம். கூட வந்த ஒருவர் அதை ஜெர்மானிய முன்னோர்களின் பூசைத்தலம் என்று அடித்துச் சொன்னார். கட்டியதோ கி.மு. 4900 வாக்கில், ஜெர்மானியர் என்ற பேச்சே அதற்குப் பல்லாயிரம் ஆண்டு கழித்துத்தான். கட்டியவர்களின் உழைப்பை இன்னொருவர் பேரில் எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

தம்பி அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஒரே குறை, வேகமாக ஏறுகிறார். முழங்கால் வலி உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர் நாமே கொண்டுபோக வேண்டும்.