அப்பா அம்மா அமெரிக்கா வருகிறார்களா? பாலிசியின் முதல் பக்கத்தை நம்பாதீர்கள்

டிசம்பர் விடுமுறைக்கு ஊரிலிருந்து பெற்றோரை வரவழைப்பவர்கள் விமான டிக்கெட்டுக்கு மூன்று வாரம் விலை பார்ப்பார்கள். வருகிறவர்களின் மருத்துவச் செலவுக்கான விசிட்டர் இன்ஷூரன்ஸை மட்டும் புறப்படுவதற்கு முந்தின இரவு, எது மலிவோ அதைத் தட்டி வாங்கிவிடுவார்கள். பெரிய பணம் போவது அங்கேதான்.

இதில் இரண்டு ஜாதி உண்டு. ஃபிக்ஸட் பெனிஃபிட் என்ற வகை, ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்பே எழுதி வைத்த ஒரு தொகையைத்தான் தரும்; ஆஸ்பத்திரி எவ்வளவு கேட்டாலும் அதற்குக் கவலை இல்லை. காம்ப்ரிஹென்சிவ் என்ற வகை, டிடக்டிபிள் (முதலில் நாமே கையிலிருந்து கட்டும் தொகை) போக, பில்லில் இத்தனை சதவீதம் என்று தரும். பல பாலிசிகளில் முதல் 5,000 டாலருக்கு 80 சதவீதம், அதற்கு மேல் உச்சவரம்பு வரை முழுவதும். முதல் வகைக்கும் ‘ஒரு லட்சம் டாலர் கவரேஜ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதால் இரண்டும் ஒன்று போலத் தெரியும்.

மாதிரிக்கு ஒரு கணக்கு. நெஞ்சுவலி என்று எமர்ஜென்சிக்குப் போய், இரண்டு இரவு தங்கி, பில் 38,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிக்ஸட் பாலிசியின் பட்டியலில் எமர்ஜென்சிக்கு 330, ஒரு நாள் படுக்கைக்கு 1,400, டாக்டர் ஒருமுறை பார்க்க 65, ஸ்கேனுக்கு 500 என்று இருந்தால், இரண்டு நாள் படுக்கை, இரண்டு முறை டாக்டர் என்று சேர்த்து மொத்தம் 3,760. அதில் 250 டிடக்டிபிள் கழித்தால் 3,510. மீதி 34,490 டாலர் உங்கள் தலையில். கம்பெனி ஏமாற்றவில்லை, எழுதியபடிதான் கொடுத்தது. அதனால்தான் புகார் செய்தாலும் எடுபடுவதில்லை.

வாங்கும் முன் விளம்பரத் தாளைத் தள்ளி வைத்துவிட்டு, பாலிசியின் முழு ஆவணத்தை இறக்கிப் பாருங்கள். ‘ஷெட்யூல்’ பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு டாலர் தொகை இருந்தால் அது ஃபிக்ஸட். சதவீதம் இருந்தால் காம்ப்ரிஹென்சிவ். இன்ஷூரன்ஸ் அட்டையில் பெரிய ஆஸ்பத்திரி நெட்வொர்க்கின் சின்னம் இருப்பது எதற்கும் சான்று அல்ல. ஆஸ்பத்திரி கவுண்டரில் ‘இந்த இன்ஷூரன்ஸை எடுத்துக்கொள்வோம்’ என்று சொன்னால் பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புவோம் என்று மட்டுமே பொருள். மீதியை மன்னித்துவிடுவோம் என்று பொருள் இல்லை.

அடுத்தது சுகர், பிபி, ஸ்டென்ட். அறுபது தாண்டிய நம் ஊர்ப் பெற்றோரில் மாத்திரை டப்பா இல்லாதவர் யார்? சாதாரண விசிட்டர் பாலிசி எதுவும் பழைய நோயை முழுதாக எடுத்துக்கொள்ளாது. ‘அக்யூட் ஆன்செட்’ என்று ஒரு ஜன்னல் மட்டும் திறந்து வைப்பார்கள். பழைய நோய் முன்னறிவிப்பு இல்லாமல் திடீரென்று தாக்க வேண்டும். பொதுவாக 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். மெல்ல மெல்லக் கூடியதாக இருக்கக் கூடாது. பல பாலிசிகளில் 70 வயதிலும் சிலவற்றில் 80 வயதிலும் அந்த ஜன்னல் மூடிவிடும், அல்லது தொகை சுருங்கிவிடும். இதயத்துக்கும் பக்கவாதத்துக்கும் தனியாகக் குறைந்த வரம்பு இருக்கிறதா என்று அதே பக்கத்தில் பாருங்கள். விற்கிறவர் ‘பிரீ-எக்ஸிஸ்டிங்கும் கவர் ஆகும்’ (பழைய நோய்க்கும் பணம் உண்டு) என்று ஒற்றை வரியில் சொன்னால் எந்தப் பிரிவில், எந்த வயது வரை, எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

மாத்திரை தீர்ந்து பிபி ஏறினால் அதை அக்யூட் ஆன்செட் என்று வாதாடுவது கடினம். இங்கே மருந்துச்சீட்டு இல்லாமல் கடையில் வாங்கவும் முடியாது. மூன்று மாதத்துக்கு மேற்படாத மருந்தை அட்டைப்பெட்டி பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு, கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஒரு மாதத்துக்கு எடுத்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு குழி. பழைய பாலிசியையே நீட்டிப்பதும் அது முடிந்தபின் புதிதாக எடுப்பதும் ஒன்றல்ல. முதல் மாதத்தில் வந்த மூட்டு வீக்கம் புதிய பாலிசியின் கண்ணுக்குப் ‘பழைய நோய்’. ஊரில் கதவைப் பூட்டும் நாள் முதல் திரும்பும் நாள் வரை ஒரே பாலிசியாக எடுங்கள். சீக்கிரம் திரும்பினால், கிளெய்ம் எதுவும் போடாத பட்சத்தில், மீதி நாட்களுக்குப் பணம் திருப்பித் தருகிற பாலிசிகள் இருக்கின்றன. எந்த நாள் வரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவின் தேதியை அரசுத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதற்கும் கட்டணம் பிடுங்கும் போலித் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும்.

சளி, காய்ச்சல், பனியில் சறுக்கி லேசான சுளுக்கு என்றால் அர்ஜென்ட் கேர் (ஆபத்தில்லாதவற்றை உடனே பார்க்கும் கிளினிக்) போதும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்குவது இவற்றுக்கு யோசிக்காமல் எமர்ஜென்சி. 1986 ஆம் ஆண்டின் எம்டாலா சட்டப்படி, பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஆஸ்பத்திரி பரிசோதித்து நிலைப்படுத்தியாக வேண்டும். பில் பிறகு வரும், அது வேறு கதை. அட்மிட் ஆனால் இன்ஷூரன்ஸ் அட்டையில் உள்ள எண்ணை உடனே கூப்பிடுங்கள். முன் அனுமதி வாங்காவிட்டால் தொகையைப் பாதியாக வெட்டும் பாலிசிகள் உண்டு.

அங்கே நம் பெரியவர்களின் பேச்சு ஒரு சிக்கல். எப்போதிருந்து வலி என்று கேட்டால், ‘அது கொஞ்ச நாளாவே இருக்கும்மா’ என்பார்கள், வாய்ப்பழக்கத்தில். எப்போதோ வந்த வாயுவலியையும் இன்று காலை வந்த வலியையும் ஒன்றாகச் சேர்த்து நர்ஸ் எழுதிவிட்டால், அந்த ஒரு வரியை வைத்தே கிளெய்மைத் தள்ளுவார்கள். மறைக்கச் சொல்லவில்லை; தேதியும் நேரமும் சரியாகப் பதிவாக வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அரசு நிதி பெறும் ஆஸ்பத்திரிகள் இலவசமாகத் தர வேண்டும், பெரும்பாலும் தொலைபேசியில் கிடைக்கும்.

முதல் பில் வந்ததும் பதறிக் கடன் அட்டையில் கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு வரியும் குறியீட்டோடு வரும் விவர பில்லைக் கேளுங்கள். ஆஸ்பத்திரி, எமர்ஜென்சி டாக்டர், ரேடியாலஜி, ஆம்புலன்ஸ் என்று தனித்தனி பில்கள் வரும். ஒவ்வொன்றையும் கிளெய்மில் சேர்க்க வேண்டும். திடீர் பில்களுக்கு எதிராக 2022 இல் அமலுக்கு வந்த சட்டத்தின் காப்பு விசிட்டர் பாலிசிக்குக் கிடைக்காது என்பதையும் மனதில் வையுங்கள். லாப நோக்கற்ற ஆஸ்பத்திரி என்றால் நிதி உதவி விண்ணப்பம் கட்டாயம் இருக்கும். வீட்டுக்குப் போனபின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை அதை ஏற்க வேண்டும். வருகையாளருக்குப் பொருந்துமா என்பது ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் விதியைப் பொறுத்தது. அது இல்லையென்றாலும் ரொக்க விலை, தவணை இரண்டையும் கேட்கலாம். கேட்காமல் யாரும் குறைப்பதில்லை.

கிளெய்ம் படிவத்துக்குப் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசாப் பக்கம், ஐ-94, ஊர் டாக்டரின் பழைய ஃபைல், நோயாளியின் கையெழுத்து எல்லாம் வேண்டும். பெற்றோர் திரும்பும் விமானம் ஏறும் முன்பே அவற்றைப் படம் எடுத்து, கையெழுத்தும் வாங்கி வைத்துவிடுங்கள். பெரும்பாலும் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கம்பெனி அதையெல்லாம் கேட்கும்.