திருகோணமலையிலிருந்து ஹங்வெல்லைக்கு: சிறு பிள்ளைகளுடன் ஒரு வாடகை வான் வண்டிப் பயணம்

இலண்டனிலிருந்து ஆகஸ்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்த எங்கள் பிள்ளைகள், நிலாவெளிக் கடலில் குளித்து, கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மான்களையும் பார்த்து முடித்ததும் கேட்டது கொழும்பை அடுத்த ஹங்வெல்லையில் உள்ள லெஷர் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவைத்தான். நாடு சிறியது, விடியப் புறப்பட்டால் இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். பள்ளிக்குப் போகத் தொடங்காத பிள்ளை ஒன்று உடன் வருகிறதென்றால் அப்படிச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஏ6 வீதி வழியே சென்று பின்னர் அவிசாவளைப் பக்கம் இறங்கும் பாதை, பிள்ளைகளுக்காக ஆங்காங்கே நிறுத்திச் செல்கையில், பகற்பொழுதின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். ஆகவே நாங்கள் குருநாகலில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் பூங்காவுக்குப் போவதென்று முடிவு செய்தோம்.

வாடகை வானைத் தேடும்போது பெரும்பாலானோர் ஏசி இருக்கிறதா, கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று மட்டுமே கேட்பார்கள். நான் முதலில் கேட்டது பின் இருக்கைகளில் பெல்ட் இருக்கிறதா என்பதைத்தான். ஒரு வாகன உரிமையாளர், "பின்னுக்கு ஒருத்தரும் பெல்ட் போடுறதில்லை, தங்கச்சி, பிள்ளையளை மடியில வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டார். அடுத்ததாக விசாரித்த சாரதியோ மாலையில் வானுடன் வீட்டுக்கே வந்து, இருக்கை உறைகளைக் கழற்றி, இடுக்கில் புதைந்து கிடந்த பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, பூட்டுக்குள் சிக்கியிருந்த மணலைத் தட்டி, மூன்று முறை பூட்டித் திறந்து காட்டினார். நாங்கள் கொண்டுவந்திருந்த, பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கைக்கு இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் அவசியம். இடுப்புப் பெல்ட் மட்டும் போதாது. தோளையும் பிடிக்கும் பெல்ட் யன்னலோர இருக்கைகளில்தான் இருந்தது. அவரிடமே வானைப் பேசிக்கொண்டோம்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "உங்களையெல்லாம் நான் மடியில வைச்சுத்தானே பிள்ளை கொண்டு திரிஞ்சனான்" என்றார். வாகனம் திடீரென நின்றால் எவ்வளவு வலுவான கையாலும் குழந்தையை இறுக்கிப் பிடித்திருக்க முடியாது என்பதையும், பிரித்தானியாவில் பிள்ளைக்கு 12 வயதாகும் வரை அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும் வரை தனி இருக்கை சட்டப்படி கட்டாயம் என்பதையும் பொறுமையாக விளக்கினேன். ஊருக்கு வந்தவுடன் அந்த வழக்கத்தைக் கைவிட்டால், திரும்பிப் போனதும் பிள்ளைக்கு எதைச் சொல்லி மீண்டும் பெல்ட் போடுவது? பயணத்துக்கு முன்பாக அதே வானில் கன்னியா வெந்நீரூற்றுக்கு ஒரு தடவை போய்வந்தோம். அந்தச் சிறிய ஓட்டத்திலேயே பிள்ளைகள் சாரதி மாமாவுடன் பழகிவிட்டார்கள். இளையவனுக்குப் பின்வரிசையில் இருந்தால் வயிற்றைப் பிரட்டுகிறது என்பதும் தெரிந்தது. அவனை நடுவரிசை யன்னலோரத்துக்கு மாற்றினோம்.

காலை உணவில் சொதியும் சம்பலும் வேண்டாம் என்று தீர்மானித்து, வெறும் பாண், கதலி வாழைப்பழம், மாரி பிஸ்கற் ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம். நகரிலுள்ள மருந்துக் கடையில், உடலின் நீரிழப்பை ஈடுசெய்யத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதிகள் வாங்கினோம். வாந்தி வராமல் இருக்க மருந்து கேட்டபோது கடைக்காரர் பிள்ளையின் வயதை விசாரித்துவிட்டு, இவ்வளவு சிறிய பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் தரமாட்டேன் என்று மறுத்தார். அந்த மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

பிள்ளைகளின் மனத்தை ஆயத்தப்படுத்துவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. கேளிக்கைப் பூங்காக்களில் சில விளையாட்டுகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. அங்கே வரிசையில் காத்து நின்ற பிறகு திருப்பி அனுப்பப்படும் குழந்தை அழாமல் என்ன செய்யும்? அம்மாவின் தையல் நாடாவால் இருவரையும் கதவுநிலையோடு நிற்கவைத்து அளந்து, பென்சிலால் கோடு போட்டு, "இந்தக் கோட்டைத் தாண்டாதவர்களைச் சிலவற்றில் ஏற்றமாட்டார்கள், அப்போது நாங்கள் இருவரும் தண்ணீர்ப் பக்கம் போவோம்" என்று இளையவனிடம் தெளிவாகச் சொன்னேன். சிறிது நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அந்த வருத்தம் வீட்டிலேயே தீர்ந்துபோனதால், பூங்காவில் ஒரு விளையாட்டில் தடுத்தபோது தானாகவே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான்.

கச்சான் காற்று வீசி மண் காய்ந்து கிடக்கும் திருகோணமலையில் இருந்துகொண்டு மழையை நினைக்கவே தோன்றாது. ஆனால் ஹங்வெல்லை ஈரவலயத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே எந்நேரமும் மழை கொட்டலாம் என்பதால் மழைச்சட்டையும் மாற்றுடைகளும் கட்டாயம் வேண்டும். பிள்ளைகள் வழிதவறினால் காட்டுவதற்காக, எங்கள் உள்ளூர்க் கைத்தொலைபேசி இலக்கத்தைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் எழுதி அவர்களின் சட்டைப்பைக்குள் வைத்தோம். சிங்களத்தில் மச்சாள் எழுதித் தந்தார். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும் என்பதையும் வெளிநாட்டிலிருந்து வருவோர் அறிந்திருக்க வேண்டும்.

புறப்படும் நேரத்தைச் சாரதியே தீர்மானித்தார். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானைகள் வீதியைக் கடக்கும் என்பதால் இருட்டில் அந்தக் காட்டுப்பகுதியைத் தாண்ட அவர் விரும்பவில்லை. நன்றாக விடிந்த பின்னரே அவ்விடத்தைக் கடந்தோம். திரும்பும்போதும் அதே கணக்குத்தான். வான் பேசும்போதே சாரதியின் இரவுத் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் யார் பொறுப்பு என்பதைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் அவருக்கும் குருநாகலில் ஓர் அறை எடுத்துக் கொடுத்தோம், ஏனெனில் வானுக்குள் சுருண்டு படுத்து அரைகுறையாகத் தூங்கி எழுந்தவரிடம் மறுநாள் பிள்ளைகளை ஒப்படைக்க எனக்கு மனம் இல்லை.