சொந்த ஸ்கேனா, கூட்டு ஷீட்டா?

மன்னார்குடி, நீடாமங்கலம் வட்டாரத்தில் வயர்லெஸ் இணைப்பு கொடுக்கிற நாங்கள் ஐந்து பேர், போன வருஷம் வரை அவரவர் டவரில் ஸ்கேன் போட்டு, அதாவது எந்தச் சேனலில் (அலைவரிசையில்) எவ்வளவு இரைச்சல் என்று ரேடியோவிலேயே அளந்து, காலியாகத் தெரிகிற சேனலை எடுத்துக்கொள்வோம். இப்போது ஐந்து பேரின் அளவுகளும் ஒரே கூகுள் ஷீட்டில் இருக்கின்றன. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன், என் ஓட்டு ஷீட்டுக்குத்தான்.

சொந்த ஸ்கேனில் யாரையும் கேட்க வேண்டாம், பத்து நிமிஷ வேலை, செலவும் இல்லை. சரி. ஆனால் அது உங்கள் டவரில் விழுவதை மட்டுமே சொல்லும், எதிர்முனையில் என்ன விழுகிறது என்று சொல்லாது. முடிவைத் தீர்மானிப்பது இதுதான்.

தெற்கே ஓர் அரிசி ஆலைக்கு 7 கிலோமீட்டர் லிங்க் போட்டிருந்தோம். சாயங்காலம் ஆனால் வேகம் படுத்துவிடும். எங்கள் டவரில் இரைச்சல் மைனஸ் 94 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, சைபரை நெருங்க நெருங்க இரைச்சல் அதிகம்), சுத்தம். ரேடியோ, கேபிள், அடாப்டர் என்று மூன்று வாரம் மாற்றிக்கொண்டே இருந்தோம். கடைசியில் ஆலை மாடியில் ஏறி அளந்தால் மைனஸ் 72! நீடாமங்கலம் பக்கத்து டிஷ் ஒன்று அதே சேனலில் தெற்கு பார்த்து நின்றது. எங்கள் டவர் டிஷ் அதற்கு முதுகைக் காட்டி நின்றதால் எங்கள் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. ஆலை டிஷ் எங்களைப் பார்க்கிற அதே நேர்கோட்டில் அதையும் பார்த்துக்கொண்டிருந்தது. டெல்டாவில் மறைக்க மலையா இருக்கிறது, தென்னை உயரம் தாண்டிவிட்டால் சிக்னல் போய்க்கொண்டே இருக்கும். அந்த டிஷ்ஷின் இடம், உயரம், திசை, சேனல் நான்கும் ஷீட்டில் இருந்திருந்தால் மேப்பில் ஒரு கோடு போட்டதுமே தெரிந்திருக்கும்.

நாங்கள் பயன்படுத்தும் அலைவரிசைகளில், இந்திய அரசின் 2018 அறிவிப்புப்படி 5150 முதல் 5350 வரையும் 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் உரிமம் தேவையில்லை. அதனாலேயே இடைஞ்சலிலிருந்து பாதுகாப்பு கேட்கவும் உரிமை இல்லை, நமக்குள் பேசித்தான் தீர்க்க வேண்டும். அமெரிக்காவில் 3550–3700 மெகாஹெர்ட்ஸில் இதை சர்வரே பார்த்துக்கொள்கிறது: கருவி தன் இடத்தையும் உயரத்தையும் பதிந்து சேனல் கேட்டு வாங்கும், கரையோர உணரிகளில் கடற்படை ராடார் பட்டால் சர்வர் அந்தச் சேனலைக் காலி செய்ய வைக்கும்.

எங்களிடம் சர்வர் இல்லை, சேனல் மாற்றினால் அன்றிரவுக்குள் எழுத வேண்டும் என்ற பேச்சுதான். ஒருவர் மறந்தாலும் மற்ற நால்வரும் தப்பான சேனலுக்குப் போவோம். வாடிக்கையாளர் பெயரைப் போடுவதில்லை, அதனால்தான் எல்லோரும் சம்மதித்தார்கள். கும்பகோணம் மாதிரி நெரிசலில் இது ஓடுமா என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. வேதாரண்யம் கரையில் சில ராத்திரிகளில் சிக்னல் வளைந்து வெகுதூரம் போய்விடும், அங்கே ஒரு நாள் அளவை நம்ப முடியாது.

ஆலை லிங்க் இப்போது 5500 பக்கம் ஓடுகிறது. நீடாமங்கலத்துக்காரர் தன் வரிசையில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அதை எடுத்தோம்.