சூப்பர் ஹீரோ தொடர்களும் 'இழுவை' என்ற புகாரும்

சூப்பர் ஹீரோ தொடர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். வாரம் ஒரு எபிசோடு என்று காத்திருந்து பார்த்த காலமும் உண்டு. பாதி சீசனை ஒரே மூச்சில் முடித்துவிட்டு மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு திரிந்த காலமும் உண்டு. ஒரு தொடரை முடித்தவுடன் மற்ற ரசிகர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படிப்பது என் வழக்கம். அப்படிப் படிக்கும்போது மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகக் கண்ணில் படும் புகார், கதையை ஜவ்வாக இழுக்கிறார்கள் என்பதுதான். சம்பவங்கள் குறைவாக இருப்பதால் இந்தப் புகார் எழுவதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஒரு பாத்திரம் போன சீசனில் நின்ற இடத்திலேயே இந்த சீசனிலும் நிற்கும்போது ரசிகர்களுக்கு அது இழுவையாகத் தெரிகிறது. பாத்திரம் மாறிக்கொண்டே வந்தால், பெரிதாக எதுவும் நடக்காத ஒரு மணி நேரத்தையும் அவர்கள் பொறுமையாகப் பார்க்கிறார்கள்.

2015-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'டேர்டெவில்' தொடரின் முதல் சீசனையே எடுத்துக்கொள்ளலாம். பதின்மூன்று எபிசோடுகள் கொண்ட அந்த சீசனில், முக்கிய வில்லனான வில்சன் ஃபிஸ்க்கின் முகத்தை மூன்றாவது எபிசோடின் முடிவில்தான் காட்டுகிறார்கள். அதுவரை அவனுடைய ஆட்கள் அவன் பெயரைச் சொல்லவே அஞ்சுகிறார்கள். அப்படி எதிர்பார்க்க வைத்துவிட்டு முதன்முதலில் அவனைக் காட்டும் இடம், ஓவியக்கூடம் ஒன்றில், வெள்ளை நிறம் மட்டுமே நிரம்பிய ஓர் ஓவியத்தின் முன்னால் அவன் தனியாக நிற்கும் காட்சி. வனெசா என்ற பெண் பேச்சுக் கொடுக்கிறாள். அந்தப் பெரிய உடம்புக்காரன் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துப் பதில் சொல்கிறான். அடுத்த எபிசோடில் அவர்கள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இடத்துக்குள் ரஷ்யக் கும்பலைச் சேர்ந்த அனடோலி நுழைந்துவிடுகிறான். அவளுக்கு முன்னால் தன்னைச் சங்கடப்படுத்திய அந்த ஒரே குற்றத்துக்காக, காரின் கதவை மீண்டும் மீண்டும் அறைந்தே அவனை ஃபிஸ்க் கொன்றுவிடுகிறான். ஓவியத்தின் முன்னால் தயங்கித் தயங்கிப் பேசிய அதே மனிதன்தான் இவன் என்பதால்தான் அந்தக் கொடூரம் நம்மை உறைய வைக்கிறது. மெதுவாகச் செல்லும் சீசன்தான் இது. ஆனாலும் இதை இழுவை என்று சொன்ன ரசிகர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதே நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 'லூக் கேஜ்' இதற்கு நேர்மாறான உதாரணம். மஹர்ஷலா அலி நடித்த காட்டன்மவுத் என்ற வில்லன் முதல் பாதியைத் தோளில் சுமந்தான். ஏழாவது எபிசோடில் அவனைக் கொன்றுவிட்டு டயமண்ட்பேக் என்ற புதிய வில்லனைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு துப்பாக்கிச் சூடும் துரத்தலும் கூடினவே தவிர, பார்ப்பவர்களின் ஆர்வம் குறைந்தது; இரண்டாம் பாதி சவசவவென்று போகிறது என்று பலரும் எழுதினார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சம்பவம் கூடியபோது வேகம் குறைந்ததாகத் தோன்றியது என்றால், காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை; நாம் பின்தொடர்ந்து வந்த பாத்திரம் போய்விட்டதுதான்.

சீசனுக்கு 22 அல்லது 23 எபிசோடுகள் என்று ஓடிய தொலைக்காட்சித் தொடர்களில் இந்தச் சிக்கல் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 2014-இல் தொடங்கிய 'தி ஃப்ளாஷ்' தொடரின் முதல் எபிசோடு முடியும்போது, நாயகனின் வழிகாட்டியாக, சக்கர நாற்காலியில் இருந்த ஹாரிசன் வெல்ஸ் யாரும் பார்க்காத அறையில் எழுந்து நிற்கிறார். மின்னல் வேகத்தில் ஓடும் அந்த நாயகன் பாரி ஆலனுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, வழக்கமான 'இந்த வார வில்லன்' கதைகளிலும்கூட வெல்ஸ் பாரியின் தோளில் கைவைக்கும் ஒவ்வொரு தருணமும் நம்மைப் பதற வைக்கிறது. அந்த ஒரு முடிச்சே 23 எபிசோடுகளையும் தாங்கியது. பிறகு வந்த இரண்டு சீசன்களிலும் மீண்டும் மீண்டும் அதிவேகமாக ஓடும் வில்லன்களையே கொண்டுவந்தார்கள். பாரி ஒரு ரகசியத்தை மறைப்பது, குழுவினர் கண்டுபிடித்துக் கோபிப்பது, நடைபாதையில் யாராவது அவனுக்குத் தைரியம் சொல்வது, அவன் முன்பைவிட வேகமாக ஓடுவது என்ற சுற்று ரசிகர்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. தொடர் 2023 வரை, ஒன்பது சீசன்கள் ஓடியது. நான் கடைசிவரை பார்த்தேன். பிற்பகுதியைப் பாத்திரங்கள் மீதிருந்த பழைய பாசத்தில்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

2006-இல் வந்த 'ஹீரோஸ்' தொடரில் இது முன்பே நடந்திருக்கிறது. இரண்டாம் சீசனில், காலத்தில் பயணிக்கும் ஹிரோ என்ற பாத்திரம் 17-ஆம் நூற்றாண்டு ஜப்பானில் எபிசோடு எபிசோடாகச் சிக்கிக் கிடந்தது. அந்தப் பகுதி நீண்டுவிட்டது என்று தொடரை உருவாக்கிய டிம் க்ரிங்கே பொதுவெளியில் ஒப்புக்கொண்டார்.

எபிசோடுகளைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போது பல ரசிகர்கள் நம்பினார்கள். 2021 முதல் டிஸ்னி பிளஸ்ஸில் ஆறு எபிசோடு கொண்ட மார்வெல் தொடர்கள் வரத் தொடங்கியதும் புகார் தலைகீழானது. முன்பாதி நிதானமாகப் போகிறது, கடைசி எபிசோடில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு முடிக்கிறார்கள் என்றார்கள். 'தி ஃபால்கன் அண்ட் தி விண்டர் சோல்ஜர்' தொடரில் கலகக் குழு ஒன்றின் தலைவியான கார்லி மோர்கந்தாவ் ஒரு நியாயமான கோபத்தோடு அறிமுகமானாள். அந்தக் கோபம் வன்முறையாக மாறும் இடத்தை நிதானமாகக் காட்ட நேரம் ஒதுக்காததால், அவள் முடிவு யாருடைய மனதிலும் பதியவில்லை. குறுகிய தொடருக்கும் பாத்திரத்தை வளர்க்கும் பொறுமை தேவைப்படுகிறது என்பதை அப்போதுதான் பலரும் பேசத் தொடங்கினார்கள்.

வெளியீட்டு முறைக்கும் இதில் பங்கு உண்டு. 'தி பாய்ஸ்' முதல் சீசனை 2019-இல் அமேசான் மொத்தமாக வெளியிட்டது. 2020-இல் இரண்டாம் சீசனின் மூன்று எபிசோடுகளை மட்டும் முதலில் தந்து, மீதியை வாரம் ஒன்றாக வெளியிட்டபோது கோபமடைந்த ரசிகர்கள் ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகளைக் குவித்தார்கள். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. ஹோம்லேண்டர் என்ற கொடூரமான சூப்பர் ஹீரோவைப் போன்ற ஒருவன் புன்னகைத்துக்கொண்டே அடுத்து என்ன செய்வான் என்று தெரியாமல் ஒரு வாரம் இருப்பதும் அந்தத் தொடரின் அனுபவத்தில் ஒரு பகுதிதான். ஆனால் வாராந்திர இடைவெளியில் ஊகங்கள் முளைக்கின்றன என்பதும் உண்மை. 'வாண்டாவிஷன்' தொடரில் எக்ஸ்-மென் படங்களில் குவிக்சில்வராக வந்த எவன் பீட்டர்ஸ், வாண்டாவின் சகோதரன் என்று சொல்லிக்கொண்டு கதவருகில் வந்து நின்றதும், எக்ஸ்-மென் உலகமும் இந்தக் கதையோடு இணையப்போகிறது என்று ரசிகர்கள் வாரக்கணக்கில் பெரும் கோட்பாடுகளைக் கட்டினார்கள். கடைசியில் அவன் அந்த ஊரில் குடியிருக்கும் ஒரு சாதாரண ஆள் என்று தெரிந்தபோது வந்த ஏமாற்றம், தொடர் கொடுக்காத வாக்குறுதி ஒன்றின் மீதான ஏமாற்றம். மொத்தமாகப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் அவ்வளவாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அவர்கள் கவனம், காதலன் விஷனை இழந்த வாண்டாவின் துக்கத்திலேயே இருந்திருக்கும்.

நீண்ட காலம் கழித்து மறுபடி பார்க்கும்போது தீர்ப்பு மாறுவதும் உண்டு. ஷீல்ட் என்ற உளவு அமைப்பின் குழுவைப் பற்றிய 'ஏஜெண்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்' 2013-இல் தொடங்கியபோது முதல் சீசனைப் பலர் பாதியில் கைவிட்டார்கள். 2014 ஏப்ரலில், ஷீல்டுக்குள் ஊடுருவியிருந்த ஹைட்ரா என்ற எதிரி அமைப்பின் சதி வெளிப்பட்டு, குழுவிலேயே இருந்த கிராண்ட் வார்ட் துரோகி என்று தெரிந்ததும் தொடரின் நிறமே மாறியது. தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால், சுவாரசியமே இல்லாத நல்ல பையனாகத் தெரிந்த வார்ட் ஒவ்வொரு காட்சியிலும் நடித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. இருந்தாலும், பதினாறு எபிசோடுகளைக் கடந்து வா என்று ஒரு புதிய பார்வையாளரிடம் கேட்பது அதிகம்தான்.

2025-இல் வந்த 'டேர்டெவில்: பார்ன் அகெய்ன்' இந்த விவாதத்தை மறுபடி கிளப்பியது. தயாரிப்பின் நடுவில் எழுத்துக் குழுவை மாற்றி, முதல் எபிசோடையும் கடைசி இரண்டையும் புதிதாக எடுத்தார்கள். ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறது என்று ரசிகர்கள் சொன்னதில் தவறில்லை. அவர்களைப் பிரித்தது ஐந்தாவது எபிசோடு. தன் அலுவலகத்துக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும் வழக்கறிஞர் மேட் மர்டாக், அதாவது டேர்டெவில், அங்கே ஒரு கொள்ளையில் மாட்டிக்கொள்கிறான். டேர்டெவில் உடை இல்லை, மையக் கதையோடு நேரடித் தொடர்பும் இல்லை. வெறும் ஃபில்லர், அதாவது இடத்தை நிரப்ப வைத்த எபிசோடு என்று ஒரு சாரார் ஒதுக்கினார்கள். எனக்கோ அந்த சீசனிலேயே மிகவும் பிடித்த எபிசோடு அதுதான். முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவன், சிக்கல் வந்ததும் எவ்வளவு உற்சாகமாக அதற்குள் இறங்குகிறான் என்பதை அந்த சீசனில் வேறெந்த எபிசோடும் அவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.